பித்தப்பை அழற்சிக்கு நடுவே இறங்கிய ஹீமோகுளோபின்: பித்தப்பைத் தமனி சூடோஅனூரிசம் குறித்த நிகழ்வு ஆய்வு

கடுமையான பித்தப்பை அழற்சிக்கு ஒரு பழகிய பாதை உண்டு. வலி, காய்ச்சல், ஸ்கேன், ஆன்டிபயாடிக், பிறகு அறுவை சிகிச்சை. இந்தப் பாதையில் போய்க்கொண்டிருக்கும் ஒருவருக்குக் கறுப்பாக மலம் போனால் எல்லோரும் முதலில் தேடுவது இரைப்பைப் புண்ணைத்தான். பெரும்பாலான நேரங்களில் அது சரியாகவே இருக்கும். சில நேரங்களில் மட்டும், அழற்சி கண்ட பித்தப்பையே ரத்தக்கசிவுக்கும் காரணமாக இருக்கும்: அதன் தமனிச் சுவர் கிழிந்து, வெளியேறிய ரத்தம் பை போலத் தேங்கி நிற்கும் சூடோஅனூரிசம் அது. அந்தச் சிலரில் ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. இங்கே வரும் நோயாளி கற்பித்தலுக்காக அமைக்கப்பட்ட மாதிரி. குறிப்பிட்ட எந்தத் தனிநபரையும் இது சுட்டவில்லை.

சேர்க்கும்போது

66 வயது ஆண். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். முன்பு ஒருமுறை மாரடைப்பு வந்ததால் தினமும் ஆஸ்பிரின் 75 மி.கி. எடுத்துக்கொள்பவர். ஐந்து நாட்களாக வலது மேல்வயிற்றில் விடாத வலி, குளிர் காய்ச்சல், வாந்தி. வலி நிவாரணியால் சமாளித்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

உடல் வெப்பம் 38.4 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு 104, ரத்த அழுத்தம் 118/70. மர்ஃபி அறிகுறி தெளிவாக இருந்தது: விலா விளிம்புக்குக் கீழே விரல்களை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுகிறார். வெள்ளணுக்கள் 17,400, ஹீமோகுளோபின் 12.6, பிலிருபின் 1.4, கிரியாட்டினின் 1.3. அல்ட்ராசவுண்டில் பித்தப்பைச் சுவர் 7 மி.மீ. தடித்திருந்தது. கழுத்துப் பகுதியில் 18 மி.மீ. கல் அசையாமல் சிக்கியிருந்தது. சுற்றிலும் கொஞ்சம் நீர்.

72 மணி நேரத்தைத் தாண்டிய அறிகுறிகள் என்பதால் 2018ஆம் ஆண்டு டோக்கியோ வழிகாட்டுதலின்படி இது இரண்டாம் நிலை, அதாவது நடுத்தரத் தீவிரம். ரத்தக்குழாய்களை ஒளிரச் செய்யும் கான்ட்ராஸ்ட் மருந்து சிரைகளை எட்டும் சிரைக் கட்டத்தில் மட்டும் ஒரு சி.டி. எடுக்கப்பட்டது. அறிக்கையில் ‘தடித்த சுவர், அடர்ந்த கசடு, சிக்கிய கல்’ என்று இருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதது, இதய நோய், ஐந்து நாள் பழகிய அழற்சி மூன்றையும் எடைபோட்டு, முதலில் பிப்பராசிலின்-டாசோபாக்டம் கொடுத்துத் தொற்றை அடக்கிவிட்டு, இதயப் பரிசோதனை முடிந்ததும் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று முடிவானது. இதே நிலையில் உடனே அறுவை சிகிச்சைக்குப் போகும் குழுக்களும் உண்டு. இரண்டுமே நியாயமான வழிகள்தான்.

மூன்றாம் நாள்

காய்ச்சல் இறங்கியது, வெள்ளணுக்கள் குறைந்தன. எல்லாம் சரியான திசையில் போவதாகத் தோன்றிய மூன்றாம் நாள் காலையில், இதுவரை இருந்த மந்தமான வலி போய், விட்டுவிட்டுப் பிடித்து இழுக்கும் வலி வந்தது. மாலைக்குள் கண் மஞ்சளானது. இரவு இரண்டு முறை தார் போல மலம் கழித்தார். ரத்த அழுத்தம் 92/58, நாடி 122. ஹீமோகுளோபின் 8.9, சில மணி நேரத்தில் 7.4. பிலிருபின் 5.2, அதில் பெரும்பகுதி, பித்தம் வடிய வழியில்லாதபோது ஏறும் நேரடி வகை.

இந்த மூன்று அறிகுறிகளையும், அதாவது வலது மேல்வயிற்று வலி, மஞ்சள் காமாலை, மேல் செரிமானப் பாதை ரத்தக்கசிவு ஆகியவற்றை, 1871இல் ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் குவின்கே சேர்த்து எழுதினார். பித்தநாள ரத்தக்கசிவின் அடையாளமாக இன்றும் பாடப்புத்தகங்களில் நிற்கிறது இந்த மும்மை. ஆனால் மூன்றும் ஒருசேரத் தெரிவது ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம்தான். மும்மை முழுதாக வரட்டும் என்று காத்திருந்தால் மற்ற மூவரைத் தவறவிடுவோம். இந்த நோயாளியிடம் மூன்றும் இருந்தன. அப்படியிருந்தும் முதல் இரவில் காமாலைக்குப் ‘பொதுப் பித்தநாளத்தில் கல்’ என்றும், கறுப்பு மலத்துக்கு ‘ஆஸ்பிரின் புண்’ என்றும் இரண்டு தனித்தனி விளக்கங்கள் கோப்பில் எழுதப்பட்டன. இரண்டுமே அன்றாடம் காண்கிற நோய்கள் என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை.

இரண்டு யூனிட் ரத்தச் சிவப்பணுக்கள் ஏற்றப்பட்டன. இதய நோயாளி என்பதால் ஹீமோகுளோபினை 8க்கு மேல் வைத்திருப்பது இலக்கு. ஆஸ்பிரின் நிறுத்தப்பட்டது. ரத்த அழுத்தம் நிமிர்ந்ததும் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். இரைப்பையில் புண் இல்லை, உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் இல்லை. முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியில் மட்டும் பழைய ரத்தம் கிடந்தது. பித்தநாளம் திறக்கும் பாப்பிலாவைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. நேராகப் பார்க்கும் கருவியில் அது பக்கவாட்டில் ஒளிந்துகொள்ளும். அதைப் பார்க்கப் பக்கவாட்டுப் பார்வைக் கருவி வேண்டும். பார்த்தாலும் அந்த நேரத்தில் ரத்தம் வழிந்துகொண்டிருக்க வேண்டும். இரைப்பை சுத்தமாக இருந்து, இரண்டாம் பகுதியில் மட்டும் ரத்தம் இருந்தால், அந்த அறிக்கையை ‘கண்டறிய இயலவில்லை’ என்று வாசிக்கக்கூடாது. ரத்தம் கல்லீரல், பித்தநாளம், கணையம் என்ற திசையிலிருந்து வருகிறது என்று சொல்லும் அறிக்கை அது.

ரத்தம் ஏன் நின்று நின்று வருகிறது

இந்த நோயில் ஏமாற்றுவது இதுதான். அடுத்த நாள் காலை நாடி 90க்கு இறங்கியது, மலம் போகவில்லை, நோயாளி தெளிவாகப் பேசினார். ‘நின்றுவிட்டது’ என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

பித்தமும் ரத்தமும் எளிதில் கலப்பதில்லை. வேகமாகக் கசிந்தால் ரத்தம் அப்படியே குடலுக்கு ஓடிவிடும், மலம் கறுக்கும். மெதுவாகக் கசிந்தால் பித்தநாளத்துக்குள்ளேயே கட்டியாக உறைந்து பாதையை அடைக்கும். வலியும் காமாலையும் அதனால்தான். அடைத்ததும் பித்தப்பைக்குள் அழுத்தம் கூடுகிறது, அந்த அழுத்தமே கசியும் தமனியை அமுக்கிப் பிடிக்கிறது. சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து, பித்தத்தின் கட்டி கரைக்கும் தன்மையால் அடைப்பு இளகுகிறது. வலி குறைகிறது, காமாலை இறங்குகிறது, ரத்தம் மறுபடி ஓடத் தொடங்குகிறது. வலி விட்டதும் ரத்தம் வருவது, ரத்தம் நின்றதும் வலி வருவது என்று மாறி மாறி நடக்கும் இந்தச் சுழற்சி மற்ற ரத்தக்கசிவுகளில் இப்படி அமைவதில்லை. நோயாளியையோ கூட இருப்பவரையோ உட்காரவைத்துக் கேட்டால் அவர்களே இந்த வரிசையைச் சொல்லிவிடுவார்கள்.

கண்டறிந்தது எப்படி

படுக்கையருகே மறுபடி அல்ட்ராசவுண்டு. பித்தப்பைக்குள் முன்பு இல்லாத, வெளிறிய கட்டித் திரள். கழுத்தருகே 14 மி.மீ. அளவில் கறுப்பான ஒரு வட்டம். சாதாரணப் படத்தில் அது ஒரு நீர்க்கட்டி போலத்தான் தெரியும். ரேடியாலஜிஸ்ட், ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளரை இயக்கியதும் அதற்குள் சிவப்பும் நீலமும் பாதிப் பாதியாகச் சுழன்றன. யின்-யாங் தோற்றம் என்று சொல்லப்படுவது இதுதான்: ஒரு பக்கம் ரத்தம் உள்ளே பாய்கிறது, மறுபக்கம் திரும்பி வருகிறது. பித்தப்பை அழற்சிக்காக ஸ்கேன் செய்யும்போது பித்தப்பையின் மேல் ஒருமுறை டாப்ளர் பொத்தானை அழுத்துவதற்குச் சில நொடிகள்தான் ஆகும். அதை வழக்கமாக்கிக்கொள்வதில் எந்தச் செலவும் இல்லை.

அடுத்து மூன்று கட்ட சி.டி. ஆஞ்சியோகிராம். கிரியாட்டினின் 1.3 இருக்கும்போது கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றலாமா என்ற கேள்வி எழுந்தது. ரத்தம் இழந்து அழுத்தம் சரிந்தால் சிறுநீரகத்துக்கு வரும் கேடு அதைவிடப் பெரிது. ஆகவே தாமதிக்கவில்லை. கான்ட்ராஸ்ட் இல்லாத கட்டத்தில் பித்தப்பைக்குள் இருந்தது 60 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு அடர்த்தி. பித்தம் அவ்வளவு அடர்த்தியாக இருக்காது, இது ரத்தக்கட்டி. தமனிக் கட்டத்தில் பெருந்தமனியோடு சேர்ந்தே ஒளிர்ந்த 15 மி.மீ. பை, பித்தப்பைத் தமனியிலிருந்து தொங்கியது. பொதுப் பித்தநாளம் 11 மி.மீ. விரிந்து, உள்ளே அடர்ந்த கட்டி. போர்ட்டல் சிரையில் அடைப்பில்லை. வலது கல்லீரல் தமனி வழக்கமான இடத்திலிருந்தே பிரிந்தது.

கடைசி இரண்டு வரிகள் அறிக்கையில் கண்ணில் படாமல் போகக்கூடியவை. ஆனால் சிகிச்சைக்கு அவைதான் அடித்தளம். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. அது திறந்திருந்தால் கல்லீரல் தமனியின் ஒரு கிளை தவறி அடைபட்டாலும் கல்லீரல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பித்தப்பைத் தொற்று போர்ட்டல் சிரைக்குப் பரவி அங்கே சீழ்த்தன்மையுள்ள உறைகட்டியை உண்டாக்குவது, அதாவது பைலிஃபிளபைட்டிஸ், இதே அழற்சியின் இன்னொரு அரிய ரத்தக்குழாய்ச் சிக்கல். அது இருக்கும் நோயாளிக்குத் தமனியையும் அடைத்தால் கல்லீரலின் அந்தப் பகுதி அழுகும் அபாயம் உண்டு. எம்போலைசேஷனுக்கு, அதாவது தமனியை உள்ளிருந்து அடைக்கும் சிகிச்சைக்கு முன் போர்ட்டல் சிரையைப் பார்த்தாயிற்றா என்று கேட்பது ஒரு சடங்கு அல்ல.

சேர்த்த அன்று எடுத்த சி.டி.யை மறுபடி திறந்து பார்த்தபோது, கழுத்தருகே 6 மி.மீ. அளவில், பெருந்தமனி அளவுக்கே பிரகாசமாக ஒரு புள்ளி இருந்தது. சிரைக் கட்டத்தில் சுற்றியுள்ள திசுக்களும் ஒளிர்வதால் அது தனித்துத் தெரியவில்லை. மூன்று நாளில் அந்தப் புள்ளி இரண்டு மடங்குக்கு மேல் பெருத்திருக்கிறது.

சுவர் உடைந்த விதம்

உண்மையான அனூரிசத்தில் தமனியின் மூன்று அடுக்குகளும் சேர்ந்து விரிகின்றன. சூடோஅனூரிசத்தில் சுவரே இல்லை. சுவர் ஓரிடத்தில் கிழிந்து, வெளியேறிய ரத்தத்தைச் சுற்றியுள்ள திசுவும் உறைகட்டியும் மட்டுமே பிடித்துவைத்திருக்கின்றன. பித்தப்பை அழற்சியில் இந்தக் கிழிசல் வெளியிலிருந்து தொடங்குகிறது. பக்கத்துத் திசுவின் வீக்கம் தமனியின் வெளியடுக்குக்குப் பரவுகிறது, அந்தச் சுவருக்கே ஊட்டமளிக்கும் நுண்குழாய்கள் உறைகின்றன, மீள்தன்மையுள்ள நார்கள் அரிக்கப்படுகின்றன. சிக்கிய கல்லின் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும்.

பித்தப்பை அழற்சி இவ்வளவு பரவலாக இருக்கும்போது இது ஏன் இவ்வளவு அரிது என்று கேட்கத் தோன்றும். பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்: அழற்சி முற்றும்போது பித்தப்பைத் தமனி பெரும்பாலும் தானே உறைந்து மூடிக்கொள்கிறது. மூடிய தமனியில் பை உருவாக வழியில்லை. மூடுவதற்குள் சுவர் கிழிந்துவிட்டால்தான் இந்தச் சிக்கல். இன்று பித்தநாள ரத்தக்கசிவுக்கான காரணங்களில் பெரும்பான்மை மருத்துவச் செயல்முறைகளால் வருபவை: லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை, கல்லீரல் பயாப்ஸி, தோல்வழிப் பித்தநாளக் குழாய்கள். கத்தியே படாத ஒருவருக்கு வருவதால்தான் நினைவுக்கு வரத் தாமதமாகிறது.

எதை முதலில் செய்வது

குழுவில் மூன்று பேர், மூன்று கருத்து. அறுவை சிகிச்சை நிபுணர் சொன்னது: எப்படியும் பித்தப்பையை எடுக்க வேண்டும், இப்போதே திறந்து தமனியைக் கட்டிவிடலாம். இரைப்பைக் குடல் நிபுணர் சொன்னது: காமாலையும் தொற்றும் சேர்ந்திருக்கின்றன, முதலில் இ.ஆர்.சி.பி. (எண்டோஸ்கோப் வழியாகப் பித்தநாளத்துக்குள் போகும் முறை) செய்து கட்டிகளை எடுத்துப் பித்தத்தை வடிக்கலாம். இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் சொன்னது: முதலில் தமனியை அடைக்கலாம்.

என் பார்வையில் வரிசை இதில் பெரிய விஷயம். கட்டிகளை முதலில் எடுத்தால் கசிவை அமுக்கிப் பிடித்திருக்கும் அழுத்தத்தையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம். பித்தநாளத் தொற்று முற்றி நோயாளி சரிந்துகொண்டிருந்தால் மட்டுமே இ.ஆர்.சி.பி. முந்தலாம். அப்போதும் ஆஞ்சியோகிராம் மேசை தயாராக இருக்க வேண்டும். கத்தியை முதலில் எடுப்பதில் வேறு ஆபத்து. பித்தப்பை நாளமும் தமனியும் ஓடும், அழற்சியில் இறுகிப்போன கேலட் முக்கோணத்துக்குள், எப்போது வேண்டுமானாலும் வெடிக்கக்கூடிய பை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது வெடித்தால் ரத்தத்துக்குள் குருட்டுத்தனமாகக் கிளிப் போட நேரும். பொதுப் பித்தநாளமும் வலது கல்லீரல் தமனியும் காயப்படுவது அப்படித்தான். ஆஞ்சியோகிராம் வசதி இல்லாத இடத்தில், அல்லது ரத்த அழுத்தத்தை நிமிர்த்தவே முடியாத நிலையில், வேறு வழியில்லை. வயிற்றைத் திறந்து, கல்லீரலுக்கு ரத்தம் வரும் காம்பை அமுக்கிப் பிடித்து, தமனியைக் கட்ட வேண்டியதுதான். 1908இல் அறுவை சிகிச்சை நிபுணர் பிரிங்கிள் எழுதிய அந்த உத்தி இன்றும் உயிர் காக்கிறது. இந்த நோயாளிக்கு ரத்த அழுத்தம் நிமிர்ந்திருந்தது, ஆஞ்சியோகிராம் குழு அதே கட்டடத்தில் இருந்தது.

தமனியை அடைத்தது

வலது தொடைத் தமனி வழியாக 5 ஃபிரெஞ்சு (குழாயின் தடிமனைச் சொல்லும் அலகு) உறை. சீலியாக் தமனி, பொதுக் கல்லீரல் தமனி, வலது கல்லீரல் தமனி என்று முன்னேறி, 2.4 ஃபிரெஞ்சு மைக்ரோகதீட்டர் பித்தப்பைத் தமனிக்குள் நுழைந்தது. கான்ட்ராஸ்ட் செலுத்தியதும் பை நிறைந்தது, அதிலிருந்து மெல்லிய கோடாகப் பித்தப்பைக் குழிக்குள் வழிந்ததும் தெரிந்தது.

வழக்கமான முறை, பைக்கு அப்பால் ஒரு காயில் (தமனியை அடைக்கும் உலோகச் சுருள்), இப்பால் ஒரு காயில் வைத்து இரண்டு வாசலையும் மூடுவது. முன்வாசலை மட்டும் மூடினால் பக்கக் கிளைகள் வழியாகப் பின்னாலிருந்து நிறையலாம். இங்கே பையைத் தாண்டி மைக்ரோகதீட்டர் போகவில்லை. பித்தப்பைத் தமனி குட்டையாகவும் இருந்தது. காயில் நழுவினால் வலது கல்லீரல் தமனியில் போய் விழும். ஆகவே என்-பியூட்டைல் சயனோஅக்ரிலேட் பசையை, எக்ஸ்ரேயில் தெரியும் லிப்பியோடால் எண்ணெயுடன் ஒன்றுக்கு மூன்று என்று கலந்து பயன்படுத்தினார்கள். ரத்தம் பட்டாலே இறுகும் பொருள் என்பதால் கதீட்டரை முன்கூட்டியே 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸால் கழுவ வேண்டும். சலைன் பட்டால் உள்ளேயே இறுகிவிடும். பையையும் அதன் இரு பக்கத் தமனித் துண்டையும் பசை நிரப்பியதும் கதீட்டர் சட்டென்று இழுக்கப்பட்டது. இந்தப் பசை வேலை செய்ய நோயாளியின் ரத்தம் உறையும் திறன் தேவையில்லை. உறைதல் கோளாறு உள்ளவர்களிடம் காயிலைவிட இது கைகொடுப்பது அதனால்தான். கடைசிப் படத்தில் வலது கல்லீரல் தமனி முழுதாக ஓடியது, பை நிறையவில்லை. குடலுக்குப் போகும் மேல் மெசென்டரிக் தமனி வழியாகவும் ஒருமுறை பார்த்து, வேறு கிளை எதுவும் ஊட்டவில்லை என்று உறுதி செய்தார்கள்.

மறுநாள் இ.ஆர்.சி.பி. பாப்பிலாவில் கறுத்த கட்டி எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்பிங்க்டரோடமி செய்து, அதாவது பித்தநாள வாயை வெட்டி விரித்து, பலூனால் கட்டிகளை இழுத்தெடுத்து, 10 ஃபிரெஞ்சு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தார்கள். பித்தக் கல்ச்சரில் ஈ. கோலை வளர்ந்தது, கொடுத்துக்கொண்டிருந்த மருந்துக்கே அது கட்டுப்படும் வகை.

“ரத்தம்தான் நின்னுடுச்சே”

பிலிருபின் இறங்கியது, ஹீமோகுளோபின் 9.1இல் நின்றது. அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கப் போனபோது நோயாளியின் மகள் கேட்டார்: “ரத்தம்தான் நின்னுடுச்சே டாக்டர், அப்பாவுக்கு இதயமும் பலவீனமா இருக்கு. இப்பவே ஆபரேஷன் பண்ணணுமா?”

இந்தக் கேள்வியை மருத்துவர்களும் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். தமனியை அடைத்தால் ரத்தக்கசிவு நிற்கும், ஆனால் நோய் போகாது. சிக்கிய கல் அங்கேயே இருக்கிறது, தொற்று இருக்கிறது. இப்போது கூடுதலாக, பித்தப்பைக்கு வரும் முக்கிய ரத்த வழியையும் மூடிவிட்டோம். கல்லீரல் படுக்கையிலிருந்து வரும் சின்னக் கிளைகள் கொஞ்சம் ஊட்டும். ஆனால் ஏற்கெனவே வீங்கி அழுத்தத்தில் இருக்கும் பித்தப்பைக்கு அது போதும் என்று நம்ப முடியாது, சர்க்கரை நோயாளியிடம் இன்னும் நம்ப முடியாது. மயக்க மருந்தைத் தாங்கவே முடியாத நோயாளியாக இருந்தால் எம்போலைசேஷனோடு நிறுத்தி, தோல்வழியாகப் பித்தப்பைக்குக் குழாய் போட்டு வடித்துவிட்டுக் கண்காணிக்கலாம். அந்தக் குழாயைப் போடும் முன்பும் ஊசி போகும் வழியில் பை இல்லை என்று டாப்ளரில் பார்த்தாக வேண்டும். இவருடைய எக்கோவில் இதயச் சுருக்கம் அறுவை சிகிச்சையைத் தாங்கும் அளவில் இருந்தது. “உள்ளே அழுகுற பொருளை விட்டுவெச்சா அதுதான் இதயத்துக்கு இன்னும் பாரம், அம்மா” என்று மயக்க மருந்து நிபுணர் விளக்கினார். எம்போலைசேஷன் முடிந்த மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை.

அறுவை சிகிச்சை

லேப்ராஸ்கோப்பியில் தொடங்கியது. வயிற்றுக்குள் தொங்கும் கொழுப்புத் திரையான ஓமென்டம் பித்தப்பையைப் போர்த்தி ஒட்டியிருந்தது. பிரித்துப் பார்த்தால் அடிப்பகுதியில் கறுத்த திட்டுகள், சுவர் ஏற்கெனவே அழுகத் தொடங்கியிருந்தது. மகளின் கேள்விக்கு அந்தத் திட்டுகளைவிடத் தெளிவான பதில் கிடையாது.

கேலட் முக்கோணம் கல்லாக இறுகியிருந்தது. பித்தப்பை நாளமும் தமனியும் மட்டுமே பித்தப்பைக்குள் போகின்றன என்று கண்ணால் உறுதி செய்யும் ‘பாதுகாப்பான முக்கியப் பார்வை’ கிடைக்கவில்லை. அந்தப் பார்வை கிடைக்காவிட்டால் அங்கே வெட்டக்கூடாது. திறந்த அறுவைக்கு மாற்றினாலும் அந்த இறுக்கம் மாறப்போவதில்லை. அதனால் பகுதி நீக்க முறைக்குப் போனார்கள். பித்தப்பையைத் திறந்து, கட்டிகளையும் கல்லையும் எடுத்து, முன்சுவரை நீக்கி, கழுத்தருகே ஒரு விளிம்பை விட்டுவிட்டு, வடிகுழாய் வைத்து முடித்தார்கள். பசை நிறைந்த தமனி கருவி முனைக்குக் கெட்டியான நரம்பு போலத் தட்டுப்பட்டது. அதைத் தொடாமல் விட்டார்கள். ரத்த இழப்பு மிகக் குறைவு.

எதிர்பார்த்தபடியே இரண்டாம் நாள் வடிகுழாயில் பித்தம் வந்தது. திறந்தபடி விடப்பட்ட பகுதி நீக்கத்தில் இது நடக்கக்கூடியதே. ஸ்டென்ட் ஏற்கெனவே உள்ளே இருந்ததால் பித்தம் குடலை நோக்கிப் போக வழி இருந்தது. கசிவு நாளுக்கு நாள் குறைந்து நின்றது, ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். ஆஸ்பிரினை அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நான்காம் நாளே மறுபடி தொடங்கினார்கள். ரத்தக்கசிவு பயத்தில் அதை மாதக்கணக்கில் நிறுத்திவைத்து மாரடைப்பை வரவழைப்பது அவ்வளவு அரிதானதல்ல.

திசுப் பரிசோதனை: நாட்பட்ட அழற்சியின் மேல் கடுமையான அழற்சி, சுவர் முழுவதையும் ஊடுருவிய அழுகல், ஓரிடத்தில் நார்கள் அறுந்த தமனிச் சுவரும் அதை ஒட்டிய உறைகட்டியும். புற்றுநோய் இல்லை. கடைசி வரியை எல்லோரும் ஆவலோடு எதிர்பார்த்தார்கள், ஏனென்றால் பித்தப்பைப் புற்றுநோயும் இப்படி ரத்தம் கசியச் செய்யும்.

பின்தொடர்தல்

ஆறு வாரத்தில் ஸ்டென்ட் எடுக்கப்பட்டது. ஹீமோகுளோபின் 11.8, கல்லீரல் பரிசோதனைகள் இயல்பு நிலை. தமனிக் கட்ட சி.டி.யில் பசை வெண்ணிறத் தடமாகத் தெரிந்தது, புதிய பை எதுவும் இல்லை, கல்லீரலில் ரத்தமின்றிப் போன பகுதியும் இல்லை. விட்டுவைத்த விளிம்பில் பின்னாளில் கல் உருவாக வாய்ப்பு உண்டு. ஆகவே வலது மேல்வயிற்றில் வலியோ காய்ச்சலோ காமாலையோ வந்தால் ‘பித்தப்பையை எடுத்தாயிற்றே’ என்று இருந்துவிடாமல் உடனே வர வேண்டும் என்று அவருக்கும் மகளுக்கும் சொல்லப்பட்டது. டிஸ்சார்ஜ் தாளில் ‘பித்தப்பை நீக்கம்’ என்று மட்டும் எழுதாமல் ‘பகுதி நீக்கம், பித்தப்பைத் தமனியில் பசை’ என்று முழுதாகவே எழுதினார்கள். அடுத்து ஸ்கேன் செய்பவருக்கு அந்த வெண்ணிறத் தடம் கல்லாகத் தோன்றிவிடக் கூடாது.